பின்பக்கத்துச் சின்ன அறை

வீடு பார்க்கப் போன இடத்தில் ஹார்மன் முதலில் கேட்டது, தரைக்கு அடியில் தண்ணீர் தேங்குமா என்றுதான். வீட்டுத் தரகன் யோரிட், பளபளவென்று ஷூ போட்ட இளைஞன், சமையலறையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தான். ஹார்மன் விடுவதாக இல்லை. வாசலில் கிடந்த மிதியடியைத் தள்ளி, அதற்குக் கீழே இருந்த பலகை மூடியைத் தூக்கி, குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டுவிட்டார்.

"ஐயா, வீடு மூழ்காதுங்க," என்றான் யோரிட்.

"பாதி நாடு கடலுக்குக் கீழ கெடக்கு. இவரு வந்து மூழ்காதுங்கறாரு," என்று தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பத்தைந்து வருஷமாகச் சரக்குப் படகு ஓட்டியவர். ஜெர்மனியிலிருந்து ஜல்லி, ராட்டர்டாமிலிருந்து மாட்டுத்தீவனம், இப்படி ஆறும் கால்வாயுமாகவே வாழ்க்கை போய்விட்டது. முழங்கால் மக்கர் பண்ணியதால் படகை விற்றார்கள். அவர் மனைவி அலெய்டாவும் அதே படகில்தான் இருந்தாள். அவள் கல்யாணமாகிக் குடிபுகுந்த வீட்டுக்கு வாசலே கிடையாது, ஏணிதான்.

ஹார்மனுக்குத் துறைமுகத்தை ஒட்டிய அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு போதும். பால்கனியில் உட்கார்ந்து போகிற வருகிற படகுகளைக் குறை சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார். ஓஸ்டர்லோ கிராமத்தில் என்ன இருக்கிறது? ஒன்றன் சுவரை ஒன்று பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் புது வீடுகள். கூரையில் சூரியத் தகடு, முன்னால் கையகலத் தோட்டம், பின்னால் சைக்கிள் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமையில் புல்வெட்டும் மெஷினை ஓட்டினால் தெருவே முகம் சுளிக்கும். பத்து நிமிஷம் நின்று பார்த்தார், ஒரு பூனை மட்டும் தெருவைக் கடந்தது.

அலெய்டா சமையலறையைப் பார்க்கவில்லை, அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. நேரே மாடிக்குப் போனாள். பின்பக்கம் ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஆப்பிள் மரம், அதற்கப்பால் மக்காச்சோள வயல். மூச்சு வாங்க நின்று பார்த்தாள்.

"இத ஆபீஸ் ரூமா வச்சுக்கலாம். துணி காயப் போடவும் வசதி," என்றான் பின்னாலேயே வந்த யோரிட்.

"இது எங்க பொண்ணு ரூம்."

"ஓ, அப்படிங்களா! பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி மூணு."

யோரிட் ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டினான்.

கேட்ட விலைக்குக் கொஞ்சம் மேலேயே எழுதிக் கொடுத்தார்கள். வீடு கிடைத்தது. கையெழுத்துப் போட்ட பிறகும் வாங்குகிறவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று விலகிவிடலாம். விற்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் நாள் சாயங்காலமே அலெய்டா மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ரூலீன், வீடு முடிச்சாச்சு."

"அடடே, நல்லதும்மா! துறைமுகத்துப் பக்கமா?"

"இல்ல, ஓஸ்டர்லோல. மாடி வீடு. உனக்கு ஒரு ரூம் இருக்கு."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"எனக்கெதுக்கும்மா ரூம்? எனக்குத்தான் வீடே இருக்கே."

"வந்தா தங்கறதுக்கு."

"நான் எப்பம்மா தங்கியிருக்கேன்?"

அது கோபமாகக் கேட்ட கேள்வி இல்லை. அதனால்தான் அலெய்டாவுக்கு வலித்தது. படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நடந்ததுதான் ரூலீனுக்கும் நடந்தது. பள்ளிக்கூடத்துக்காக ஆறு வயசில் விடுதி. வெள்ளிக்கிழமை படகுக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். பதினெட்டு முடிந்ததும் அந்த வெள்ளிக்கிழமையும் நின்றது. இப்போது பிறந்தநாளுக்கு வருவாள், எல்லோரோடும் வட்டமாக உட்கார்ந்து கேக் சாப்பிடுவாள், இரண்டு காபி குடிப்பாள். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் கழற்றி மாட்டிய கோட்டைத் தேடுவாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றார் ஹார்மன். "ஒரு போன் போட்டா விஷயம் முடிஞ்சுது. அவ வரமாட்டா, அலெய்டா. வராதவளுக்காக இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் மாடி ஏறணுமா?"

"நீ ஏற வேண்டாம். நான் ஏறிக்கறேன்."

"ஆத்தப் பாக்காம எனக்குக் காபி தொண்டையில எறங்காது."

"நாப்பத்தஞ்சு வருஷம் பாத்தது போதாதா? பால் ஊத்திக் குடி, எறங்கும்."

அவளுக்கு ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு ராத்திரி. அடுத்த அறையில் மகள் இருமினால் தன் காதில் விழ வேண்டும். காலையில் தலை கலைந்து இறங்கி வருகிறவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி, சாக்லேட் தூவிக் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு வீட்டையே வாங்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாளும் போனது, அவள் விலகவில்லை.

அக்டோபரில் குடிவந்த பிறகு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ரூலீன் ஒரு பூந்தொட்டியோடு வந்தாள். சமையலறையைப் பாராட்டினாள். மிதியடிக்குக் கீழே தண்ணீர் இல்லை என்பதை அப்பா மூடியைத் திறந்து காட்ட, பொறுமையாகக் குனிந்து பார்த்தாள். பிறகு மாடிக்குப் போனார்கள். அலெய்டா முந்திக்கொண்டு கதவைத் திறந்தாள். புதுப் போர்வை விரித்திருந்தாள், கட்டிலை ஹார்மனே செய்திருந்தார்.

"இதென்னப்பா, ஓரத்துல பலகை?"

"கட்டில்னா பலகை இருக்கும்ல?"

ரூலீன் சிரித்துவிட்டாள். "அப்பா, வீடு ஆடாதுப்பா!"

ஹார்மன் கட்டிலைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். நிஜமாகவே இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அலை அடித்தால் உருண்டு விழாமலிருக்கப் பலகை வைத்த கட்டிலைத் தவிர வேறு கட்டிலில் அவர்கள் படுத்ததில்லை. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ரூலீன் அந்தப் பலகையைத் தடவினாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"விடுதிக் கட்டில்ல பலகை கெடையாது. மொத வாரம் தெனமும் கீழ விழுந்தேன். அப்பறம் சுத்தி நாற்காலி போட்டாங்க."

"நீ சொல்லவே இல்லியேம்மா," என்றாள் அலெய்டா.

"வெள்ளிக்கிழமைதான உங்களப் பாப்பேன். அன்னிக்குப் போய் இத எதுக்குச் சொல்லணும்னு இருக்கும்."

ஆறு மணிக்குக் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்து, மேலே கறித்துண்டு வைத்துப் பரிமாறினாள். ரூலீன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கோட்டைத் தேடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அலெய்டா எழுந்து திரையை விலக்கிப் பார்த்தாள்.

"மழை கொட்டுது. இருந்துட்டுக் காலையில போயேன்."

ரூலீன் கரண்டியை வைத்தாள். "ஞாயித்துக்கிழமைம்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா இன்னிக்கும் கெளம்பத் தோணுது. ஒரு எடத்துல இருக்க முடியாது."

"இத்தன வருஷம் கழிச்சுமா?"

"மதகுல என்னைய எறக்கி விடுவீங்கல்ல. படகு ரெண்டு கதவுக்கு நடுவுல நிக்கும், தண்ணி ஏறி முன்கதவு தொறந்ததும் கெளம்பிடும். விடுதி ஆளு வர வரைக்கும் பெட்டியோட நிப்பேன். அப்பா மேல சுக்கான்கிட்ட. நீ முன்னாடி கயிறு சுத்திக்கிட்டு இருப்பே. ஒரு நாள்கூடத் திரும்ப மாட்டே."

"திரும்பியிருந்தா என்னால போயிருக்க முடியாதுடி."

"தெரியும்மா," என்றாள் ரூலீன். அம்மாவின் கைமேல் கை வைத்தாள். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பலகைய நாளைக்கே கழட்டிடறேன்," என்றார் ஹார்மன்.

"இருக்கட்டும்பா. கழட்டாதே."

வந்தவர்கள் போகும்போது வாசலில் நின்று, கார் முனை திரும்பும்வரை கையசைப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. அலெய்டா வாழ்நாளில் யாருக்கும் அப்படிக் கையசைத்ததில்லை. எப்போதும் படகில் விட்டுப் போனது அவளும் ஹார்மனும்தானே. மழையைப் பார்க்காமல் நடைபாதைவரை வந்து நின்று கையைத் தூக்கினாள். கார் சைக்கிள்காரர் ஒருவருக்கு வழிவிட்டு, முனையில் நின்று, திரும்பிப் போய்விட்டது.

ஹார்மன் குடையோடு வந்தார். "போயிட்டா. உள்ள வா, நனையறே பாரு."

"ஹார்மன், மதகுல இருந்து கெளம்பினா, நாம எவ்வளவு நேரம் அவ கண்ணுக்குத் தெரிஞ்சிருப்போம்?"

அந்தக் கால்வாயை ஹார்மன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். அவருக்குப் பொய் சொல்லவும் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

"அங்க வளைவே கெடையாது, அலெய்டா. நேர் கால்வாய். சரக்கு ஏத்தின படகு வேற, மெதுவாத்தான் போவும்," என்றார். குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். "ரொம்ப நேரம் தெரிஞ்சிருப்போம்."