ஐந்து பேர் கட்டிய சேலை

இசக்கிக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால், பள்ளி முதல்வர் புவான் ஹஸ்லினாவே கூப்பிட்டு, "தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு எனக்குச் சேலை கட்டிவிட முடியுமா?" என்று கேட்டபோது, சேலையில் எந்த முனையை முதலில் செருகுவது என்றுகூடத் தெரியாத ஒருத்தி "பொலே, புவான்!" என்று மார்தட்டுவாளா? புவான் என்பது மேடம் மாதிரி மரியாதை; பொலே என்றால் முடியும். மலாய்மொழியில் அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வருகிற ஒரே சொல் அதுதான். வந்த சொல்லை வீணாக்குவானேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

பாளையங்கோட்டைப் பெண் அவள். அம்மாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்ததால், வருஷத் தொடக்கத்தில் மலேசியாவில் புஞ்சாக் ஆலாமுக்கு வந்து, நம்மூர்ப் பத்தாம் வகுப்பு மாதிரியான நான்காம் படிவத்தில் சேர்ந்தாள். வகுப்பில் தமிழ்ப் பெண்கள் இன்னும் நான்கு பேர். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஈஜோக் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வரும் ஷாமளா. கெட்ட பிள்ளைகள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வாங்குகிற நாசி லெமா தேங்காய்ப்பால் சோற்றில் பாதியை இசக்கிக்குத் தருவார்கள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "இந்தியா, இங்க வா." "இந்தியா, இந்தப் போன புடி, எங்கள ஒரு போட்டோ எடு." அவளும் எடுப்பாள். அந்த நான்கு பேர் சிரிக்கிற படம் எத்தனையோ இருந்தது. ஒன்றிலும் அவள் இல்லை.

அது அவளுக்கு வலித்தது. வீட்டில் சொல்லி அழுதபோது அம்மா, "தீபாவளி வரைக்கும் பாரு. அப்பவும் பிடிக்கலன்னா டிக்கெட் போட்டுடுதேன், அத்தை வீட்டுல இருந்து படி" என்றாள். இந்தச் சேலைக் காரியத்தில் பேர் வாங்கினால் இங்கேயே இருப்பது, சொதப்பினால் ஊரைப் பார்க்கப் போய்விடுவது என்று இசக்கி முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் போர்வையை வைத்துப் பழகியும் பார்த்தாள். போர்வை போர்வையாகவேதான் இருந்தது. அம்மாவைக் கேட்கலாம் என்றால், கல்யாண வீடுகளில் அம்மாவுக்கே அத்தைதான் கட்டிவிடுவாள்.

கொண்டாட்ட நாள் காலை. வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையும் உள்பாவாடையுமாக நால்வரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு சேலை கையில்.

"சீக்கிரம் லா, இந்தியா. எங்களுக்கு முடிச்சிட்டு நீ புவானுக்குக் கட்டணும்" என்றாள் ஷாமளா.

இசக்கி அவளுடைய சேலையை வாங்கிச் சுற்றினாள், மடித்தாள், செருகினாள். கையை எடுத்த மறுகணமே கொசுவம் பொலபொலவென்று தரையில் விழுந்தது. இன்னொரு தடவை சுற்றினாள். அதுவும் விழுந்தது.

"எனக்குச் சேலை கட்டத் தெரியாதுட்டி" என்றாள் இசக்கி. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது!

"என்னா, விளையாட்றியா? நீ இந்தியாவுல இருந்து வந்தவதானே!"

"வந்தா? நீ எஸ்டேட்டுக்காரிதான, உனக்கு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கத் தெரியுமா?"

ஷாமளா விழுந்த கொசுவத்தை அள்ளிக்கொண்டாள். "எங்க தாத்தா வெட்டுனாரு லா. நான் அந்தக் கத்தியத் தொட்டதுகூட இல்ல."

வரிசையில் நின்ற தனேஸ்வரிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரித்தால், ஒருத்திக்கும் தெரியாது! கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பஞ்சாபி சூட் போட்டே வளர்ந்த கூட்டம். இந்தியாக்காரி இருக்கிறாளே என்ற ஒரே தைரியத்தில் நால்வரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. தலையில் தூடோங் முக்காடு, நீளக்கைச் சட்டை, கையில் மாம்பழ நிறச் சேலையோடு புவான் ஹஸ்லினா.

"செத்தோம்" என்றாள் ஷாமளா.

"சாகவேண்டாம். பின்னால சன்னல்ல போன வை, சேலை கட்டுற வீடியோ ஒண்ணப் போடு, சத்தத்தைக் குறை. நீ பாத்துப் பாத்துக் கையால சொல்லு" என்று கிசுகிசுத்தாள் இசக்கி. ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, ஒருத்தி கொசுவம் மடிக்க, ஒருத்தி முந்தானையைத் தூக்க, இசக்கி ஊக்கு ஊக்காகக் குத்தித் தள்ளினாள். புவானின் முதுகுக்குப் பின்னால் நின்று ஷாமளா போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்டினாள்.

"ஒரு சேலைக்கு ஏன் இத்தனை பேர்?" என்று கேட்டார் புவான்.

இசக்கிக்கு மலாய் வரவில்லை. ஷாமளாவைப் பார்த்து, "பெரியவங்களுக்கு அஞ்சு பேர் சேந்துதான் கட்டணும், அதான் வழக்கம்னு சொல்லுட்டி" என்றாள். ஷாமளா கண்ணைக்கூட இமைக்காமல் அதை மலாய்மொழியில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், "ரொம்பப் பழைய வழக்கம், புவான்" என்று தன் பங்குக்கும் ஒரு பிட்டைச் சேர்த்துவிட்டாள்.

புவானுக்குக் கட்டியதில் கை பழகிவிட்டது. தங்கள் சேலைகளையும் ஒருத்திக்கொருத்தி சுற்றி, மிச்ச ஊக்கையெல்லாம் குத்திக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள்.

சேலை நின்றது! மேடையேறிப் பேசும்வரை ஒரு மடிப்பும் கலையவில்லை. ஆனால் புவான் என்ன பேசினார் தெரியுமா? "பெரியவர்களுக்கு ஐந்து பெண்கள் சேர்ந்து சேலை கட்டுவது தமிழர்களின் பழைய வழக்கம். அந்த மரியாதை இன்று எனக்குக் கிடைத்தது" என்றார். மண்டபமே கைதட்டியது. தமிழாசிரியர் சிவநேசன் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இவர்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஐந்து பேரும் தலையைக் குனிந்து, ஒருத்தி கையை ஒருத்தி நெரித்துக்கொண்டு, சிரிப்பை விழுங்கினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் புவானோடு படம் எடுக்க வெளியே கூடினார்கள். ஷாமளா போனை எடுத்தாள். இசக்கி பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"நீ எங்க போற? எல்லாத்தையும் ஆரம்பிச்சவளே நீதான். வந்து நில்லு இசக்கி" என்று அவள் கையைத் தட்டிவிட்ட ஷாமளா, சுற்றுமுற்றும் பார்த்தாள். போன் பிடிக்க வேறு ஆள் இல்லை. "புவான், உங்களோட அப்புறம் எடுக்கலாம். முதல்ல எங்க அஞ்சு பேரையும் எடுங்க" என்று முதல்வர் கையிலேயே போனைத் திணித்தாள்.

குத்தியிருந்த ஊக்குகளில் குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் புவான் ஹஸ்லினா படம் எடுத்தார்.

அந்தப் படம் அம்மாவுக்குப் போனது. உடனே பதில் வந்தது: "அடியே! உனக்கு யாரு சேலை கட்டிவிட்டா?"

"நாங்கதாம்மா கட்டிக்கிட்டோம்" என்று இசக்கி எழுதினாள். "டிக்கெட் போடாத."