மலையிறங்கிய செருப்பு

சாமியின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, மகள் கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். செருப்பு ஒன்பதாம் நம்பர். அவள் கால் ஐந்து. அடிக்கு அடி குதிகால் வழுக்க, வார் மேல்பாதத்தை அறுத்தது. பாவமா புண்ணியமா என்று யோசிக்க நேரமில்லை. அப்பா கண் விழிப்பதற்குள் அடித்தோல் தேய்ந்தாக வேண்டும்.

“என்னடி, செக்குமாடு மாதிரி சுத்தறே?” உள்ளேயிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தங்கை.

“புதுச் செருப்பு. பழக்கிக்கிட்டு இருக்கேன்.”

“நல்ல நேரம் பார்த்தே போ. அங்க அண்ணனுக்கு மூச்சு வாங்குது.”

அந்த மலைக்கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். படியேற முடியாத ஒருத்தி அடிவாரத்தில் படுத்துக்கொண்டு, ‘என்னால முடியல, நீ இறங்கி வா’ என்று சாமியைக் கூப்பிட்டாளாம். வெறுங்காலோடு இறங்கி வந்தவருக்கு வழியெல்லாம் முள். அந்தக் காலைப் பார்த்ததும், கூப்பிட்ட காரியத்தை மறந்துவிட்டு அவள் அழுதாளாம். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு மேலே போகிறது. மலையேற முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் அவர் அதைப் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். வருஷம் திரும்பியதும் தேய்ந்த ஜோடி கீழே வரும். நோயாளிகள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

முப்பத்தோரு வருஷமாக அந்தச் செருப்பைத் தைத்தவர் அப்பா. கடைத்தெருவில் அவருக்கு ‘அளவுக்காரர்’ என்று பேர். முகத்தைப் பார்க்கும் முன்னால் காலைப் பார்க்கிற மனுஷன். அவளைப் பெண் பார்க்க வந்தவனின் ஷூவை வாசலிலேயே புரட்டிப் பார்த்து, “குதிகாலத் தேய்ச்சு நடக்கறான், சோம்பேறி. வேணாம்” என்று முடித்துவிட்டவர். சாமிக்கு என்ன அளவு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தன் காலையே அளவாக வைத்துக்கொண்டார்.

போன மாதம்தான் அவளிடம் வாயைத் திறந்தார்.

“மொத வருஷம் செருப்பு அப்படியே புதுசாத் திரும்பி வந்துச்சும்மா. பெரிய பூசாரி அழுதுட்டாரு. ஜனங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னாரு. நானே மாட்டிக்கிட்டு நடந்தேன். அப்புறம் வாராவாரம் மேல போய், கோயிலுக்குப் பின்னால நடந்துட்டு வருவேன்.” போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். “நான் முந்திக்கிட்டதால அவரு நடக்கலையோ என்னவோ. இந்த வருஷம் பூரா நான்தான் படுத்துட்டேனே. பார்க்கலாம்.”

அந்தப் பார்க்கலாமில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன கெடு தாண்டிப் பத்து நாள் ஆகிவிட்டது.

இன்று காலை சின்னப் பூசாரி வந்தார். பெரியவருக்குப் பின் வந்தவர், இந்த விஷயம் எதுவும் தெரியாதவர். போன வருஷ ஜோடி இருந்த துணி மூட்டையைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டு, மகள் தைத்த புது ஜோடியை வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டார். அவள் முடிச்சை அவிழ்த்தாள். அடித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரே ஒரு நாள் நடந்திருக்கக் கூடாதா என்று மலையைப் பார்த்துக் கேட்டாள். பிறகு காலை நுழைத்தாள்.

வெயில் ஏற ஏற எத்தனை சுற்று என்ற கணக்கு போயிற்று. மலையுச்சியில் உட்கார்ந்திருந்த மேகம் மெல்லக் கரைந்து கொல்லைக்குள் இறங்கியது போலிருந்தது. செருப்புச் சத்தம் தன்னுடையதாகவே அவளுக்குக் கேட்கவில்லை. யாரோ முன்னால் போக, தான் பின்னால் போவதாகத் தோன்றியது. துணி துவைக்கிற கல்லைத் தாண்டும்போதெல்லாம் அது ஒரு படி போலவும், இன்னும் நிறையப் படிகள் இருப்பது போலவும் இருந்தது. வலி எப்போதோ நின்றுவிட்டது.

“அண்ணன் முழிச்சிருச்சு,” என்றாள் அத்தை.

கட்டிலில் காலை மடக்கி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சுப்பா.”

“தேஞ்சிருக்கா?”

பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். செருப்பைக் கையில் கொடுத்தாள். அவர் புரட்டினார். கட்டைவிரல் குதிகாலில் தொடங்கி, நடுப்பாதம் கடந்து, நுனிவரை ஊர்ந்து போயிற்று. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நல்லாத்தான் நடந்திருக்காரு,” என்றார். விரல் ஓரிடத்தில் நின்றது. “இடது கால் வெளிப்பக்கமா சாயுது.”

அவள் குனிந்துகொண்டாள்.

“சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எத்தனை தடவ சொல்லியிருப்பேன்.”

கை போர்வைமேல் தடவித் தடவி வந்து அவள் பாதத்தைக் கண்டுபிடித்தது. புண்ணைத் தொடாமல் அதைச் சுற்றி வந்தது.

“வெறுங்கால்ல வந்ததால முள்ளு குத்துச்சுன்னு சொல்லுவாங்க,” என்றார். “செருப்புப் போட்டுக்கிட்டு வந்தாலும் குத்தத்தான் செய்யுது.”

“அப்பா...”

“வந்தாச்சில்ல. போதும்.”

விளக்கு வைப்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. செருப்பு நெஞ்சின்மேல் இருந்தது. அத்தை அதை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

“அவரே வந்து கூட்டிட்டுப் போயிருக்காரு,” என்று வந்தவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசியாக எதிர்வீட்டுக்காரி வந்தாள். ஏழு வருஷமாக ஊன்றுகோலில் நடப்பவள், ஒரு படி ஏற முடியாதவள். தேய்ந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்கும் வந்திருப்பாராக்கா?”

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“வந்தாரு,” என்றாள்.

எதிர்வீட்டுக்காரி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் செருப்பை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். மகள் தன் இடது காலைப் பின்னுக்கு இழுத்து, புடவையால் மூடிக்கொண்டாள்.