எத்தனை அறுந்தது?

ஆரணியில் பாவு பிணைக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் கன்னியம்மாளைத்தான் தேடுவார்கள். தறியில் தீரப்போகும் பாவின் நாலாயிரத்துச் சொச்சம் பட்டிழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலை. கூட வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை பாவு பிணைத்தாய், எத்தனை இழை அறுந்தது? ஒன்றுகூட அறுந்ததில்லை என்று மார்தட்டுகிறவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அதையே மெட்ராசில் இருதய டாக்டர்களிடமும் கேட்டு வைப்பாள் என்று அவள் புருஷன் மாணிக்கவேல் கனவிலும் நினைக்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம். தறிக்குழியில் இறங்கினாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில், கிளை பிரிகிற இடத்தில் அடைப்பு. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, நுனியிலிருக்கும் பலூனை ஊதி விரிக்க வேண்டும். சிக்கலான இடம் என்றார்கள் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில். அதைச் செய்ய அங்கே இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள்.

பெரியவர் சிவப்பிரகாசத்தின் நரைத்த தலையையும் கணீர்க் குரலையும் கண்டதுமே மாணிக்கவேலுக்குப் பாதி வலி பறந்துவிட்டது. இன்னொருவர் வேணுகோபால், ஆளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசுகிற ஒல்லி மனிதர்.

"இந்த பலூன் வேலை எத்தினி பேருக்குப் பண்ணிகீறீங்க டாக்டர்?" என்றாள் கன்னியம்மாள். மாணிக்கவேலுக்கு மானம் போயிற்று.

சிவப்பிரகாசம் சிரித்தார். "ஒன்பது பேருக்கும்மா. ஒரு தப்பும் நடக்கல."

"நீங்கய்யா?"

"இருநூத்திப் பன்னெண்டு," என்றார் வேணுகோபால் மேசையிடம். "பதினாலு பேருக்கு உள்ள ரத்தக் குழாய் கிழிஞ்சுடுச்சு. அதுல பன்னெண்டு பேரு வீட்டுக்குப் போனாங்க." மீதி இரண்டு பேரைப் பற்றிக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்களே பண்ணுங்கய்யா."

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று மாணிக்கவேல் பதறினார். "கிழிச்சவர் கையிலயா என்னைக் குடுக்கிற?"

"அறுந்தா இன்னா பண்றதுன்னு அவருக்குத் தெரியும். பெரியவர் கையில இன்னும் ஒண்ணும் அறுந்ததே இல்ல. மொத அறுப்பு உங்களுதா இருக்கணுமா?"

"அம்மா சொல்றதுதான் சரி," என்றார் சிவப்பிரகாசம். "எனக்கே அடைப்புன்னா நானும் இவர்கிட்டதான் படுப்பேன்."

மறுநாள் காலை அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவு சாத்துகிற வரைக்கும்தான் அவள் தைரியம். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. தன் பேச்சைக் கேட்டதால்தான் மனுஷன் போய்விட்டார் என்றால்? ஒரு மணி நேரம் என்றவர்கள் இரண்டரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. அவள் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி நைந்துபோகச் செய்தன.

கடைசியில் கதவு திறந்தது. வேர்வையில் சட்டை ஒட்டிப்போய் வேணுகோபால் நின்றார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சாவது கிழிசல்மா. மறுபடி பலூனை வெச்சு ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு, ஐயா? வீட்டுக்கு எத்தினி பேரு?"

"பதிமூணு," என்றார் அவர். "பதிமூணாவது ஆளு உள்ள காபி கேட்டு நர்ஸோட சண்டை போட்டுட்டிருக்கார்."