ராசா விழ, தோணிக்காரன் ஓட

கதிர்காமு எழுதும் நாடகம் எதுவானாலும், கடைசிக் காட்சியில் யாராவது ஒருவர் இன்னொருவரின் காலில் விழுந்தே தீருவார். மகன் தகப்பனின் காலில், மருமகள் மாமியின் காலில், ஒருமுறை வேறு ஆள் அகப்படாமல் கள்ளன் பொலிஸ்காரனின் காலில். நயினாதீவுச் சனத்தை அழவைக்க அவருக்கு வேறு வழி தெரியாது. அதிலும் முன்வரிசையில் பாய் விரித்திருக்கும் செல்லாச்சி அக்கா அழுதால்தான் மற்றவர்களும் மூக்கை உறிஞ்சத் தொடங்குவார்கள். போன வருடம் கள்ளன் விழுந்த இடத்தில் அவர் கொட்டாவி விட்டார்.

ஆகவே வாசிகசாலைத் தலைவர் பரமலிங்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"இந்த முறையும் செல்லாச்சி அழாட்டி, வாற வருசம் உம்முடைய நாடகம் இல்லைக் காணும். வில்லுப்பாட்டுக்காரரைப் பிடிக்கிறம்."

ஆண்டுவிழாவின் பொருள் 'இலக்கியம் போற்றும் நட்பு'. கதிர்காமு இரவிரவாக யோசித்து ஒரு கதை கட்டினார். ஒரு ராசாவும் ஒரு தோணிக்காரனும் சின்ன வயதுத் தோழர்கள். ராசாவுக்கு முடி சூட்டிய நாளில் தோணிக்காரன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். கடைசியில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டு ராசாவின் காலில் விழுகிறான். ராசா, கதிர்காமுவேதான். தோணிக்காரன், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தையல் மெசின் வைத்திருக்கும் அசனார். இருவரும் அரிவரி வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நாடகத்துக்கு உடுப்புத் தைப்பதும் அசனார்தான்.

ஒத்திகையில் எல்லாம் நன்றாகப் போயிற்று, கடைசிக் காட்சி வரை.

"இப்ப விழும்," என்றார் கதிர்காமு.

"விழ ஏலாது."

"ஏன், இடுப்பிலை நாரிப் பிடிப்போ?"

"நாரி நல்லாத்தான் இருக்கு. நாங்கள் நெத்தியை நிலத்திலை வைக்கிறது ஆண்டவன் ஒருவனுக்கு மட்டும்தான், கதிர்காமு. ராசாவுக்கும் இல்லை, மந்திரிக்கும் இல்லை. எங்கட ஈமானுக்கு, நம்பிக்கைக்கு, அடி அத்திவாரமே அதுதான்."

"ஐசே, இது நடிப்பு."

"நடிப்புத்தான். ஆனா நெத்தி என்ரை."

கதிர்காமு விடவில்லை. எதையும் முறைப்படி யோசிக்கிறவர் அவர்.

"சரி, ராசாவின்ரை காலடியிலை ஒரு மோதிரம் விழுந்து கிடக்குது. நீர் குனிஞ்சு எடுக்கிறீர். தூரத்திலை இருக்கிற சனத்துக்குக் கும்பிட்ட மாதிரி இருக்கும். நீர் மோதிரம்தான் எடுத்தனீர் எண்டு ஆண்டவனுக்குத் தெரியும்தானே?"

"அவனுக்கு எல்லாம் தெரியும். நீர் செல்லாச்சி அக்காவை ஏமாத்தப் பாக்கிறதும் தெரியும்."

கதிர்காமு தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"பள்ளிவாசலிலை தொழேக்கை வந்து பாரும்," என்றார் அசனார் தணிந்த குரலில். "கடை முதலாளியும் தோணிக்காரனும் ஒரே வரிசையிலைதான் நிக்கினம், தோளோடை தோள் முட்டி. சிநேகிதமும் அப்பிடித்தானே? உம்முடைய ராசாவும் தோணிக்காரனும் அப்பிடி நிண்டா என்ன?"

"சும்மா நிக்கிறதைப் பாத்து ஆர் அழுவினம்?"

மந்திரி வேடம் போடும் தம்பிராசாவைத் தோணிக்காரனாகப் போட்டால் பொத்தென்று விழுவான். ஆனால் அசனார் இல்லாமல் நட்பைப் பற்றி நாடகம் போடக் கதிர்காமுவுக்கு மனம் வரவில்லை. அன்றிரவு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தோணிக்காரன் விழாவிட்டால் என்ன? பிழை ராசாவில் என்று மாற்றிவிட்டால் ராசா விழலாமே. அசனாருக்கு முதலே சொன்னால் அதற்கும் ஏதாவது தடை சொல்லுவார் என்று பயந்து, சொல்லாமல் விட்டார்.

விழாவன்று அசனார் அந்திநேர மஃரிபு தொழுதுவிட்டு வரும்வரை திரை இழுக்காமல் காத்திருந்தார்கள். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது. கடைசிக் காட்சியில் ராசா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். "நண்பா, பிழை என்னுடையது," என்று முழங்கிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாகத் தோணிக்காரனின் காலில் விழுந்தார்.

அசனார் தணல் மிதித்தவர்போலத் துள்ளினார்.

"என்ன வேலை பாக்கிறீர்? எழும்பும். எனக்கு ஆரும் விழக்கூடாது, நானும் ஆண்டவன்ரை அடிமைதான்."

இந்த வசனம் நாடகத்தில் இல்லை. ராசா விடவில்லை, முழங்காலில் தவழ்ந்து மறுபடியும் காலைப் பிடிக்கப் போனார். தோணிக்காரன் சிம்மாசனத்தைச் சுற்றி ஓடினார். "நில் நண்பா" என்று ராசா பின்னால் தவழ்ந்தார். அட்டைக் கிரீடம் உருண்டு மேடையை விட்டு இறங்கி, செல்லாச்சி அக்காவின் மடியில் போய் இருந்தது. ராசாவின் பட்டுச் சால்வை தோணியளவு நீளம். கதிர்காமு அடம்பிடித்துத் தைப்பித்த நீளம் அது. இரண்டாவது சுற்றில் அசனார் அதிலேயே கால் தடக்கி, ராசாவுக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்தார். இருவரும் தோளோடு தோள் முட்டி, மூச்சு வாங்கி, சனத்தைப் பார்த்தார்கள்.

சனம் சிரித்த சிரிப்பு இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். திரை இழுக்கிறவர் கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தன் நாடகக் காலம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தபடி கதிர்காமு மேடையை விட்டு இறங்கினார். பரமலிங்கம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

"செல்லாச்சி, நீ அழுதனியோ?"

செல்லாச்சி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தலைப்பு தெப்பமாக நனைந்திருந்தது.

"அழுதனானோ சிரிச்சனானோ தெரியாது. கண்ணாலை தண்ணி நிக்கேல்லை."

பரமலிங்கம் தலைப்பைப் பார்த்தார். அது என்ன கண்ணீர் என்று வாசிகசாலை விதிகளில் எங்கும் சொல்லியிருக்கவில்லை.

"சரி, வில்லுப்பாட்டு வேண்டாம்," என்றார்.

செல்லாச்சி அக்கா கிரீடத்தை அசனாரிடம் நீட்டினார்.

"அசனார் நானா, வாற வருசமும் இப்பிடி ஓடுவியளோ?"

"அதை இவரைக் கேளுங்கோ அக்கா," என்று அசனார் கிரீடத்தைத் தட்டிக் கதிர்காமுவின் தலையில் வைத்தார். "இவர் விழாட்டி நான் ஏன் ஓடுறன்?"