மழையில் வேர்க்கும் சுவர்

பொன்னுத்தாய் மூன்றாவது தடவையாக அக்காவின் கைகளில் சீயக்காயைத் தேய்த்தாள்.

"போகமாட்டேங்குது மாமா," என்றாள், புடவை மறைப்புக்கு வெளியே நின்ற பிச்சையிடம்.

"விடு பொன்னுத்தாயி. அங்க யாரு மோந்து பாக்கப் போறாங்க."

செத்துப்போன பாப்பாயி, பிச்சையின் மனைவி, இருபது வருஷம் காவிரிக்கரைக் கொட்டகையில் மீனுக்கு உப்புத் தடவிக் கருவாடு போட்டவள். வேலை விட்டு வரும்போது பின்னாலேயே பூனைகள் வரும். முதலாளி தொழிலை மூடியதும், சீரங்கத்துப் பெரியவர்கள் அதே கொட்டகைக்கு வெள்ளையடித்து, இந்தச் சீமையின் பழைய சாப்பாட்டைக் காட்டும் காட்சிசாலை ஆக்கினார்கள். உரல் வந்தது, உருளி வந்தது, முறுக்கு அச்சு வந்தது. மீன் மட்டும் வரவில்லை. பிச்சை வாட்ச்மேனாக வந்தான்.

சுவர்தான் பேச்சுக் கேட்கவில்லை. மழை பெய்தால் உப்பு வேர்த்து, கொட்டகை முழுக்கக் கருவாடு மணக்கும். உடனே சாம்பிராணி போடுவது பிச்சையின் உத்தியோகம்.

"மழை பேஞ்சா எம் புருசன் எனக்குச் சாம்பிராணி காட்டுறாரு. உசுரோட இருக்கையிலேயே சாமியாக்கிட்டாரு," என்று பாப்பாயி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிச்சையும் சிரித்தான். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வான்.

காட்சிசாலைச் செயலாளர் பராசரன் துக்கத்துக்கு வந்து, வாசலோடு நின்று, ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"நல்ல சாம்பிராணி, பிச்சை. அவளுக்குக் கொஞ்சம் போடு, மிச்சத்தை வச்சுக்கோ. நாளைக்கு மந்திரி வரார். வானம் வேற இருட்டிண்டு வரது."

"தீட்டுங்களே, சாமி."

"சாமானைத் தொடாதே. புகைக்கு என்ன தீட்டு? வாடை வந்தா வேற ஆளைப் போடணும்னு கமிட்டியில சொல்றா. நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

பாடை தூக்குமுன் பொன்னுத்தாய் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்துத் தணலில் தூவினாள். பிச்சை குனிந்து பாப்பாயியின் கையை முகத்தருகே எடுத்தான். புகை மணம்தான் இருந்தது.

ஓயாமரிச் சுடுகாட்டில் கொள்ளி வைத்து, மொட்டைத் தலையோடு ஆற்றில் முழுகி எழும்போது மழை பிடித்துக்கொண்டது. கரையில் வைத்திருந்த மிச்சச் சாம்பிராணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்கு நடந்தான். சுவர் வேர்க்கத் தொடங்கியிருந்தது. தூபக்காலில் கரியை அடுக்கினான். பொட்டலத்தைப் பிரித்தான். தீப்பெட்டியைக் கையில் எடுத்தான்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். வெள்ளைச் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தான்.

வாசலில் ஒரு பூனை கதவைப் பிராண்டியது. பிச்சை எழுந்துபோய்த் திறந்துவிட்டான்.