சோதிக்காத கிணறு

நீர்மோர்ப் பந்தலைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கிங்ஸ்லி, ஹேமாவதியை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கைபேசியை நீட்டினான்.

“மதுரை லேப்ல இருந்து வந்துருச்சுக்கா. தண்ணியில மலக் கிருமி இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல.”

“எந்தத் தண்ணி?”

கிங்ஸ்லி வாயால் சொல்லாமல் டிரம்களைப் பார்த்தான். நான்கு நீல டிரம்கள் நிறைய மோர், மேலே ஈரச்சாக்கு. அத்தனையும் சின்னக்கருப்பு கிணற்றுத் தண்ணீரில் கலந்தது.

வீரபாண்டிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டோரம் வருகிறது அந்த ஊர். சித்திரைத் திருவிழாவுக்குக் கௌமாரியம்மனைப் பார்க்க அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக நடந்து போகிற சனம் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரில் ஆழ்துளைக் குழாயெல்லாம் காற்றைக் கக்கிக்கொண்டிருந்த கோடையில், காலனிக்காரர் சின்னக்கருப்பு கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. பந்தலுக்கு வேண்டியதை இறைத்துக்கொள்ளுங்கள் என்றார். இறைத்தார்கள். யார் கிணறு என்று தெரிந்ததும் மேலத்தெரு ஆள்கள் இரண்டு பேர் டம்ளரை ரோட்டில் கவிழ்த்தார்கள். அதே மேலத்தெருக்காரியான ஹேமாவதி, எல்லோர் கண் முன்னாலும் மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தாள். சொந்தக்காரர்கள் ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. அவள் ஒன்றும் இளைத்துப்போகவில்லை.

அந்தச் சண்டையில் பிறந்ததுதான் இந்த நலவாழ்வுக் குழு. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஹேமாவதி தலைவர், சின்னக்கருப்பு துணைத் தலைவர், வாழைக்காய் கமிஷன் கடை சீனிச்சாமி செயலாளர், சின்னமனூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும் கிங்ஸ்லி, இன்னும் மூன்று பேர். சர்க்கரை நோய் முகாம், கண் முகாம் எல்லாம் போடுவார்கள். ஆனால் குழுவின் பெருமை பந்தல்தான். ஒவ்வொரு வருடமும் சின்னக்கருப்பு கிணற்றுத் தண்ணீரில் முதல் டம்ளரை ஏழு பேரும் வரிசையாக நின்று குடித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பது. அந்தப் போட்டோ அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, நல்லதென்றால் தொட்டிச் சுவரில் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு அடிப்பார்கள். சீனிச்சாமியின் கிணற்றுக்கே ஒருமுறை சிவப்பு விழுந்து, மனிதர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு கிணறுகள் சோதித்தாயிற்று. சின்னக்கருப்பு கிணற்றை மட்டும் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் கிணற்றடியில் போய் நின்றால் அவர் மனசு என்ன பாடுபடும்? உன் தண்ணீர்மேல் சந்தேகம் என்று சொல்வதுபோல் ஆகாதா? ஒவ்வொரு வருடமும் பதிவேட்டில் அந்தக் கிணற்றுக்கு நேராக ‘தேவையில்லை’ என்று ஹேமாவதியே தன் கையால் எழுதினாள். எழுதும்போதெல்லாம் தன்னுடைய நல்ல மனசை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்ததும் உண்டு.

“ஒன்னைய யாரு எடுக்கச் சொன்னது?” என்றாள் இப்போது.

“காலனியில ரெண்டு வாரத்துல பதினோரு பேருக்குக் காமாலைக்கா. எல்லாம் எங்கிட்டத்தான் ரத்தம் குடுத்தாக. மனசு கேக்கல. முந்தாநாள் ஒரு பாட்டில் எடுத்து அனுப்பிட்டேன்.” கிங்ஸ்லி குரலைத் தாழ்த்தினான். “மூணு வருசத்துக்கு முந்தி நாம கட்டிக் குடுத்த கழிப்பறைக் குழி அந்தக் கெணத்துக்கு நாப்பதடிதான். அது கசியுது போல. இது தண்ணியில வர்ற காமாலை. மத்தவுகளுக்குத் தேறிரும். மாசமா இருக்கிறவுகளுக்கு வந்தா உயிருக்கே மோசம்.”

சீனிச்சாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஐந்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் மூளை பிரமாதமாக வேலை செய்யும்.

“தயிருல பல்லி விழுந்துருச்சுன்னு சொல்லி டிரம்மக் கவுத்துருவோம். தேனியில இருந்து இப்பவே லாரித் தண்ணி வரவழச்சு, நன்கொடையா வந்துச்சுன்னு சொல்லுவோம். திருவிழா முடியட்டும், சின்னக்கருப்புகிட்டப் பதமாச் சொல்லிக்கிடலாம்.”

“அவருகிட்டயே பொய் சொல்லணுமாண்ணே?” என்றாள் ஹேமாவதி.

“பின்ன? அவரு தண்ணி கெட்டுப்போச்சுன்னு மைக்குல சொல்லப்போறியா? மேலத்தெருவுல, அப்பவே சொன்னோம்லன்னு சொல்லுவான். பன்னெண்டு வருசம் பட்ட பாடு ஒரே நாள்ல போயிரும். அந்த மனுசன் அதத் தாங்குவாரா?”

ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக முதல் கூட்டம் தூரத்தில் தெரிந்தது. வழக்கமாக இந்நேரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும் சின்னக்கருப்பை இன்னும் காணவில்லை. ஹேமாவதி அவருக்காகத்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு, “நானே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாறேன்” என்று கிளம்பினாள்.

அரை கிலோமீட்டர். திராட்சைக் கொடிப் பந்தலுக்கு அடியில் நடந்து போகும்போதே பல்லிக் கதையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சின்னக்கருப்பு வீட்டுக் கீற்றுக்கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் அவர் மகள் ஜோதிகா படுத்திருந்தாள். ஏழு மாதம். வளைகாப்புக்காகத் திருப்பூரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பக்கத்தில் சின்னக்கருப்பு சொம்பும் கையுமாகக் குந்தியிருந்தார்.

“வா தங்கச்சி. கிளம்பிட்டேன். இந்தப் பிள்ளைக்குத்தான் மூணு நாளா வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது. கண்ணும் லேசா மஞ்சளா இருக்கு. பந்தலத் திறந்து வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்.”

“வாங்கத்தை” என்று ஜோதிகா எழுந்திருக்கப் பார்த்தாள். லேசான மஞ்சள் இல்லை. கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது.

“இந்தக் குழாத்தண்ணிதான் சரியில்ல” என்றார் அவர். “அதான் அத அடியோட நிறுத்திட்டேன். முன்ன ரெண்டும் குடிச்சோம், ஒரு வாரமா நம்ம கெணத்துத் தண்ணி மட்டுந்தான். முன்ன பாதி வீடுதான் மோந்துச்சு, இப்பக் காலனி பூராவும் சொல்லிட்டேன், வந்து மோந்துக்கங்க, நம்ம குழுவே வருசா வருசம் குடிக்கிற தண்ணின்னு.” சொல்லிக்கொண்டே சொம்பை மகள் வாயருகே கொண்டு போனார்.

ஹேமாவதி பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சொம்பு உருண்டு தண்ணீர் மண்ணில் ஓடியது.

சின்னக்கருப்பு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் எத்தனையோ தட்டலைப் பார்த்தவர். ஹேமாவதியிடமிருந்து இது முதல் தடவை.

பல்லியும் தயிரும் எங்கே போயினவோ தெரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில் எடுத்தது, மதுரையிலிருந்து வந்தது, குழி கசிவது, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு என்ன ஆகும் என்பது. சொல்லும்போதே சீனிச்சாமிக்குப் போன் போட்டு, காரை எடுத்துக்கொண்டு தோட்டத்து வழியாக உடனே வரச் சொன்னாள்.

சின்னக்கருப்பு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மத்த கெணறெல்லாம் எத்தன தடவ சோதிச்சீக?”

“வருசத்துக்கு ரெண்டு தடவ.”

“என்னோடத?”

அவள் உருண்டு கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

“நான் வேணாம்னு சொன்னேனா?”

“நீங்க சங்கடப்படுவீகன்னு...”

“சீனிச்சாமி சங்கடப்படலயா? செவப்பு அடிச்சதும் மூஞ்சியத் தூக்கிட்டு நின்னாரு. அவரு வீட்டுப் பிள்ளைக நல்லாருக்கு.” அவர் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார். “ஊருல அத்தன கெணத்துக்கும் செஞ்சத என் கெணத்துக்கும் செய்யணும். அதுக்குத்தான நானும் ஒங்க கூட நின்னேன். வேற என்ன கேட்டேன் தலைவரம்மா?”

பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளைத் தங்கச்சி என்று தவிர வேறொன்றும் அழைத்ததில்லை. ஹேமாவதிக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

கார் வந்தது. சீனிச்சாமி யார் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்து விட்டார். ஜோதிகாவைத் தூக்கி உட்கார வைத்ததும் ஹேமாவதியும் ஏறப் போனாள். சின்னக்கருப்பு கையைக் குறுக்கே நீட்டினார்.

“நீங்க வரவேணாம். அங்கன சனம் நிக்கும். போய்ச் சொல்லுங்க. யாரு கெணறுன்னும் சொல்லுங்க. எனக்காக எதையும் மறைக்காதீக.”

கார் தேனிப் பெரியாஸ்பத்திரியைப் பார்த்துப் போனது.

பந்தலில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நாக்கு வறண்ட குழந்தைகள் டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. ஹேமாவதி மைக்கைப் பிடித்தாள். இந்த மோரை யாரும் குடிக்க வேண்டாம், தண்ணீர் கெட்டிருக்கிறது, லாரித் தண்ணீர் வருகிறது என்றாள். யார் கிணறு என்றும் சொன்னாள்.

“அப்பவே நாங்க சொல்லல?” கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு மேலத்தெருக் குரல் கேட்டது. நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

எந்த வார்த்தைக்குப் பயந்து இவ்வளவும் செய்தாளோ அந்த வார்த்தை வந்தேவிட்டது. வந்தபின் பார்த்தால் அது அவ்வளவு பெரியதாக இல்லை.

“அந்தத் தண்ணியக் கெடுத்தது நாங்க கட்டுன கழிப்பறைக் குழி. கெட்டுருக்கான்னு பாக்காம விட்டது நான். சிரிக்கிறவுக என்னையப் பாத்துச் சிரிங்க” என்றாள். சிரிப்பு அடங்கியது. கிங்ஸ்லி ஒவ்வொரு டிரம்மாகக் குப்பைக் குழியில் கவிழ்த்தான். ஒலிபெருக்கி இரண்டும் ரோட்டைப் பார்த்து கூட்டம் வருகிற பக்கமாகக் கட்டியிருந்ததால், வழியில் வரும் சனத்துக்கெல்லாம் செய்தி நன்றாகவே போய்ச் சேர்ந்தது. பதினொன்றரைக்கு லாரி வந்தது. அவளே நின்று ஊற்றிக் கொடுத்தாள். ஒரு கண் எப்போதும் கைபேசியில் இருந்தது.

ஒரு மணிக்கு அது அடித்தது. சின்னக்கருப்புதான்.

“அண்ணே, ஜோதிகா எப்படி இருக்கா?”

“உள்ள சேத்துட்டாக. ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்ங்கறாக. நாளைக்கு வந்திருந்தா கஷ்டம்னாக.” அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “பந்தல்ல சொல்லிட்டீகளா?”

“சொல்லிட்டேண்ணே. மைக்குலயே சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். வழிப்போக்குச் சனம் ஒருத்தர்கூடக் குடிக்கல.”

“காலனியில?”

“என்னண்ணே?”

“ரோட்டுல போறவுகளுக்குச் சொன்னீக. எங்க சனத்துக்கு யாரு சொன்னது? எம் பேச்சக் கேட்டு ஒரு வாரமா அத்தன வீடும் அந்தத் தண்ணியத்தான மோந்துக்கிட்டுப் போகுது.”

ஹேமாவதி கரண்டியைப் போட்டுவிட்டுக் கொடிப் பந்தலுக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தாள். காலனியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்கிற நேரம் அது.