கவர் பிரிக்காத வாத்து

“மோந்து பாருங்க,” என்று ரவிசங்கர் அந்த ப்ளூரே பெட்டியைக் கருத்தக்கண்ணனின் மூக்குக்கு நேராக நீட்டினார். “இது வெளிநாட்டு வாசம். நம்ம ஊரு பிளாஸ்டிக்குல இது வரவே வராது.”

கருத்தக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். தல்லாகுளம் உலக சினிமா வட்டத்தின் செயலாளர் அவர். பிழைப்பு கோர்ட்டில், பூர்வீகம் பரவைப் பக்கம். வயல்காட்டில் வளர்ந்த மூக்கு என்பதால் பொய் சொல்லத் தெரியாது.

“லேசா கஞ்சி வாடை மாதிரி அடிக்குதேண்ணே.”

“அது ஹங்கேரி,” என்றார் ரவிசங்கர்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? கருத்தக்கண்ணன் பெட்டியை இரண்டு கையாலும் பிரசாதம்போல வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியூர் தெப்பக்குளத்தை ஒட்டிய அந்த வீட்டின் கீழ்த்தளம் சுங்குடிச் சேலைக் குடோன். மாடியில் குடித்தனம். மாடி ஹாலின் ஒரு சுவர் முழுக்க, ஒரு காலத்தில் கடைக்காகச் செய்த தேக்குக் கண்ணாடி அலமாரி. சேலை இருந்த இடத்தில் இப்போது சினிமா இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். நாடுவாரியாக, அதற்குள் இயக்குநர்வாரியாக, அதற்குள் ஆண்டுவாரியாக. ஒன்றுகூடக் கவர் பிரிக்கப்பட்டதில்லை. வந்தவர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள் என்பதற்காகவே ரவிசங்கர் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். “பிரிச்சுட்டா அது டிஸ்க். பிரிக்காத வரைக்கும்தான் கலை.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பினால்தான் அந்த வாக்கியம் எடுபடும் என்பது பல வருட அனுபவம். எல்லா நாட்டு டிஸ்க்கும் ஓடும் என்று சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த பிளேயர் ஒன்றும் இருந்தது. அதன்மேல் ஒரு சுங்குடித் துண்டு போர்த்தி, துண்டின்மேல் ஒரு பித்தளை யானை வைத்திருந்தார்கள்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் மகுடம், கருத்தக்கண்ணன் மோந்த ‘மூன்றாவது வாத்து’. நான்கு மணி நேர ஹங்கேரிப் படம். ஏரிக்கரையில் ஒரு விதவை, அவளிடம் இரண்டு வாத்துகள். மூன்றாவது வாத்துக்காக அவள் காத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான் என்று பெட்டியின் முதுகில் போட்டிருந்தது. இந்த முதுகை வைத்துக்கொண்டு ரவிசங்கர் பதினேழு கூட்டங்களில் பேசியிருக்கிறார். “அந்த மூணாவது வாத்து வரவே வராது. அந்த வராமை இருக்கு பாருங்க, அதுதான் சினிமா,” என்று முடிப்பார். கைதட்டு விழும். கேரளத்தில் ஒரு திரைப்பட விழாவில் இருபது வருஷத்துக்கு முன் பெரிய திரையில் பார்த்ததாகவும் சொல்வார். விழாவுக்குப் போனது உண்மை. அந்தப் படத்துக்கு வரிசையில் நின்றதும் உண்மை. அரங்கு நிறைந்துவிட்டது என்று கதவைச் சாத்தியபிறகு நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு ரயிலேறியதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

“அண்ணே, நம்ம வட்டத்துக்கு இது நூறாவது திரையிடல்,” என்றார் கருத்தக்கண்ணன். “வாத்தையே போட்ருவோம். அம்புட்டு பேரும் கேக்குறாய்ங்க. தங்கப்பாண்டிகூட நெட்டுல நாலு மாசமாத் தேடிட்டானாம், கிடைக்கலயாம்.”

தங்கப்பாண்டி பெயரைக் கேட்டதும் ரவிசங்கரின் முதுகு நிமிர்ந்தது. உலக சினிமா மொத்தத்தையும் சட்டைப்பையில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக்கொண்டு திரிகிறவன் அவன். சென்ற கூட்டத்தில் எல்லார் முன்னாலும், “அண்ணே, உங்க அலமாரி மொத்தமும் எனக்கு ஒரு ராத்திரி டவுன்லோடு,” என்று சொல்லியிருந்தான். அந்தத் தங்கப்பாண்டிக்குக் கிடைக்காத வாத்து.

“போடுவோம்,” என்றார் ரவிசங்கர்.

வாய் சொல்லிவிட்டது. மனசு அதற்கப்புறம்தான் கணக்குப் பார்த்தது. சரி, முன்னாலேயே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டால் போயிற்று என்று நினைத்தார். அந்த வழியையும் கருத்தக்கண்ணன் அடைத்துவிட்டார். மூன்றாம் நாள் அச்சடித்து வந்த அழைப்பிதழில் ‘கவர் பிரிப்பு விழா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வட்டத்தின் தலைவர் திரு. ரவிசங்கர் அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் திருக்கரத்தால் பிரித்து, படம் குறித்துச் சிறப்புரை ஆற்றி, திரையிடுவார். இடைவேளையில் பருத்திப்பால் உண்டு.

மனைவி கனகலட்சுமி அழைப்பிதழை இரண்டு முறை வாசித்தாள்.

“வாத்துப் படமா?”

“உனக்குப் புரியாது. நாலு மணி நேரம் நாற்காலியில உக்காந்தா முதுகு வலிக்கும், வீட்லயே இரு.”

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் விஷயம் கனமானால் கனகலட்சுமி தமிழுக்கு மாறிவிடுவாள். இப்போது மாறினாள்.

“ஏங்க, அந்த டப்பாவைத்தான் பிரிக்கணுமா? வேற ஏதாச்சும் ஒண்ணைப் பிரிக்கக்கூடாதா?”

ரவிசங்கருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் தன் சேகரிப்பின் அருமையை இவள் இன்றுதான் உணர்ந்திருக்கிறாள். “கலைன்னா தியாகம் பண்ணித்தான் ஆகணும், கனகு,” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சற்று நேரம் அந்த முதுகைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தல்லாகுளத்துச் சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். வழக்கமாகப் பதினொரு பேர். பருத்திப்பாலின் மகிமையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. முன்வரிசையில் தங்கப்பாண்டி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தில் பெட்டி வந்தது. கூடவே புது பிளேடு. ரவிசங்கர் விளிம்பில் ஒரு கீறு கீறினார். மூன்று பேர் செல்போனில் படமெடுத்தார்கள். உறை கழன்றது, பெட்டி திறந்தது. டிஸ்க்கோடு சேர்ந்து ஒரு சின்னக் காகிதமும் நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

இளம்பச்சைக் காகிதம். அதை அவருக்கு நன்றாகத் தெரியும். தன் குடோனில் சேலை ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, குறை இருந்தால் எழுதி, உறைக்குள் வைத்து, உறையைச் சூட்டில் சுருக்கும் ஷ்ரிங்க் மிஷினில் விட்டு ஒட்டுவார்களே, அந்தச் சீட்டு. ஹங்கேரிக்காரனுக்குத் தெப்பக்குளத்தில் குடோன் இல்லை.

‘ரகம்: ஹங்கேரி. நிறம்: கறுப்பு வெள்ளை. குறை: ரொம்ப மெதுவாப் போகுது, ஆனா சலிக்கல. மூணாவது வாத்து கடைசில வருது. அந்தப் பொம்பளை அதைப் பாத்துச் சிரிக்கிறா. நானும் சிரிச்சேன். சரிபார்த்தவர்: கனகலட்சுமி.’

பக்கத்தில் ஒரு டிக்.

“அண்ணே, என்ன அது?” என்றார் கருத்தக்கண்ணன்.

“கையேடு,” என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நீங்க வரவேற்புரை ஆரம்பிங்க. நான் ஒரு நிமிஷத்துல வாரேன்.”

கருத்தக்கண்ணனின் வரவேற்புரை மனிதன் குகையில் ஓவியம் வரைந்ததிலிருந்து தொடங்கும் என்பதால் நேரம் இருந்தது. ரவிசங்கர் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

“பிரிச்சாச்சா?” என்றாள் கனகலட்சுமி. தமிழ்தான்.

“எத்தனை பாத்திருக்க?”

“மேல்தட்டு எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏற முழங்கால் விடல. மத்ததெல்லாம் பாத்தாச்சு.”

“எப்ப?”

“மத்தியானந்தான். சீரியல்ல நம்ம பெரிய மருமகளா நடிச்சவளைத் திடீர்னு மாத்தி வேற ஒருத்தியப் போட்டாங்கல்ல, அந்த வருஷம். கோவத்துல டிவிய நிறுத்திட்டு ஒரு டப்பாவப் பிரிச்சேன். நல்லா இருந்துச்சு. அப்பறம் நீங்க திட்டுவீங்களேன்னு கீழ போய் நம்ம மிஷின்லயே ஒட்டிட்டேன். சேலையவிட சுலபம், மடிப்பு கலையறதில்ல.”

ரவிசங்கருக்கு ஹங்கேரியின் கஞ்சி வாடை ஒரு கணம் மூக்கில் வந்துபோனது. எத்தனை பேரை மோக்க வைத்திருக்கிறார்! ஒரு கல்லூரிப் பேராசிரியர் மோந்துவிட்டுக் கண்கலங்கியிருக்கிறார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. அந்த ஜப்பான் படத்துல மாமியாரா வர்றவ கண்ணாலயே பேசுறான்னேன். உனக்கெங்க தெரியும்னு சிரிச்சீங்க. அதோட விட்டுட்டேன்.”

மேலே வரவேற்புரை மௌனப்படக் காலத்தை எட்டியிருந்தது. ரவிசங்கர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

“கனகு, வாத்து நிஜமாவே வருதா?”

“வருதுங்க. மூணே முக்கால் மணி நேரம் ஆகும்.”

“வராதுன்னு பதினேழு தடவை பேசியிருக்கேன். இன்னைக்கும் பேசுனா, சாயங்காலம் அது வந்து நிக்கும். தங்கப்பாண்டி முன்னால உக்காந்திருக்கான்.”

மறுமுனையில் அவள் சிரிப்பை அடக்குகிறாளா, யோசிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு அவள் வீட்டு மொழிக்கு மாறினாள். அது இறங்கி வருகிறாள் என்பதற்கு அடையாளம். பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்களேன், உங்களை யார் அடிக்கப்போகிறார்கள் என்றாள்.

“நீ கிளம்பி வர்றியா?”

“முதுகு வலிக்குமே,” என்றாள் கனகலட்சுமி, பளிச்சென்று தமிழில். போன் நின்றது.

ரவிசங்கர் மேடை ஏறினார். அறுபது முகங்கள். திரும்பிக்கொள்ள அங்கே ஜன்னலும் இல்லை.

“நண்பர்களே,” என்றார். “நான் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை.”

தங்கப்பாண்டி மேலே போட்டிருந்த காலை இறக்கினான். முடிந்தது கதை என்று ரவிசங்கர் நினைத்த நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர், “ஆஹா!” என்றார். அந்த ஆஹா பின்வரிசைவரை பரவியது.

“இல்ல, நிஜமாவே பாக்கல,” என்றார் ரவிசங்கர் பதறி. “வரிசையில நின்னேன். கதவைச் சாத்திட்டாங்க.”

“கதவைச் சாத்திட்டாங்க!” என்று கருத்தக்கண்ணன் தழுதழுத்துப்போய் மைக்கைப் பிடித்தார். “கேட்டீங்களா? ஒரு நல்ல படத்துக்கு முன்னால நாம எல்லாருமே கதவுக்கு வெளிய நிக்கிறவங்கதான். இருபது வருஷத்துக்கு முன்னாலயே பாத்த மனுசன் பாக்கலங்கிறாரு. இந்தப் பணிவு யாருக்கு வரும்?”

“சிப்ஸ் வாங்கிட்டுத் திரும்பிட்டேன்,” என்றார் ரவிசங்கர் மைக் இல்லாமல்.

கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. பதினேழு கூட்டத்துக் கைதட்டலையும் சேர்த்தால்கூட இதில் பாதி தேறாது. தங்கப்பாண்டி எழுந்து நின்றே தட்டினான். “அண்ணே, அடிச்சுட்டீங்கண்ணே,” என்று மேடையோரம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று ரவிசங்கருக்கு அழுகை வந்தது. அதையும் இரண்டு பேர் படமெடுத்தார்கள்.

விளக்கு அணைந்தது. வாத்துகள் வந்தன. இரண்டு.

முதல் ஒரு மணி நேரம் ரவிசங்கர் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தார். விதவை ஏரியைப் பார்த்தாள். ஏரி அவளைப் பார்த்தது. எப்போது கண் அயர்ந்தாரோ, பருத்திப்பால் டம்ளர் சத்தத்தில் விழித்தபோது பக்கத்து நாற்காலியில் கனகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை, தலையில் பூ, முதுகுக்கு வீட்டுத் தலையணை. கோரிப்பாளையத்தில் ஆட்டோ அரை மணி நேரம் நின்றுவிட்டதாகச் சொன்னாள்.

பருத்திப்பால் முடிந்ததும் அறுபது நாற்பதானது. மூன்று மணி நேரம் தாண்டியபோது விழித்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். கருத்தக்கண்ணன் மார்பில் தாடை பதிய, உலக சினிமாவை ஆழமாக உள்வாங்கிக்கொண்டிருந்தார். தங்கப்பாண்டி வாயைத் திறந்து வைத்திருந்தான். கனகலட்சுமி மட்டும் பக்கத்துவீட்டு விசேஷத்தைப் பார்ப்பதுபோல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப அவ செருப்பைக் கழட்டுவா பாருங்க,” என்று கிசுகிசுத்தாள். திரையில் விதவை செருப்பைக் கழற்றினாள்.

“ஏன் கழட்டுறா?”

“தெரியல. மூணு தடவை பாத்துட்டேன், தெரியல. ஆனா கழட்டணும்னு தோணுது.”

ரவிசங்கர் யோசித்துப் பார்த்தார். பதினேழு உரைகளில் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பெட்டியின் முதுகில் போட்டிருக்கவில்லை.

அவள் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து அவர் கையில் திணித்தாள். இளம்பச்சைச் சீட்டு, எழுதாதது. கூட ஒரு பால்பாயிண்ட் பேனா. ரகம், நிறம், குறை, சரிபார்த்தவர் எல்லாம் காலி.

“தூங்கிறாதீங்க. வரப்போகுது.” முழங்கையால் விலாவில் ஒரு இடி. “அந்த நாணலப் பாருங்க.”

திரையில் காற்று நின்றிருந்தது. ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. பிறகு நாணலின் நடுவில் ஒரு தண்டு மட்டும் அசைந்து நின்றது. பக்கத்துத் தண்டும் அசைந்தது. தண்ணீரில் ஒரு வட்டம் விரியத் தொடங்கியது. ரவிசங்கர் பேனா மூடியைக் கழற்றியபடி, ஏதோ கேட்க, பக்கத்தில் திரும்பினார். ஏரியின் வெளிச்சம் முகத்தில் அலையடிக்க, கனகலட்சுமி அதற்குள்ளாகவே சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.